சுங்கை பூரோங் வரப்பில் எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் அன்பர்களுக்கும் சுங்கை பூரோங் கம்பத்தாருக்கும் (கிராமத்தாருக்கும்) வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து வயதான ஒருவரும் அவர் மகளும் உங்கள் ஊருக்கு வந்து வயல்வெளியில் சுற்றிவிட்டுப் போனது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அந்த மகள் நான்தான். பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் அன்று பலரிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அந்தக் குறை மனத்தில் இருந்துகொண்டே இருக்கிறது.

பினாங்குக்குப் போகலாம் என்றதும் வீட்டில் எல்லோரும் கொடிமலை, பத்து ஃபெரிங்கி, தண்ணீர்மலைக் கோயில் என்று அடுக்கினார்கள். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "வரப்புல கொஞ்ச நேரம் நடக்கணும்." அதற்குக் காரணம் தாத்தா. தஞ்சாவூர்ப் பக்கம் வயலிலேயே வளர்ந்தவர் அவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார். கூலி ஆட்களை அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியதே, அதற்கு முந்தைய காலம் அது. ஜெரஜாக் தீவில் கொஞ்ச நாள் வைத்திருந்து, நோய் இல்லை என்றானதும் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவர் நாற்றைத் தொடவே இல்லை. அப்பா பிறந்ததும் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான். பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், நிழலிலேயே அவருடைய பாதி ஆயுள் போனது. "வரப்புல நடக்கிற கால் வேற, தோட்டத்துல நடக்கிற கால் வேற" என்று தாத்தா அடிக்கடி சொல்வாராம். அந்த இன்னொரு காலை ஒருமுறையாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

முதல் நன்றி 401இ பேருந்து ஓட்டிவந்த அண்ணனுக்கு. ஜார்ஜ்டவுன் நகரத்துக் கொம்தார் நிறுத்தத்தில் ஏறியபோதே அப்பாவின் முழங்காலைக் கவனித்துவிட்டு, அவர் உட்காரும்வரை வண்டியை எடுக்கவில்லை. தெலுக் கும்பார் தாண்டி கெந்திங் மலைச் சாலையில் வளைவுக்கு வளைவு மெதுவாக இறங்கினார். இறக்கிவிடும்போது, திரும்பும் பேருந்தை எங்கே நின்று பிடிக்க வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டினார்.

அடுத்தது சந்தைக்குப் பக்கத்து டீக்கடை அக்கா. அக்கா, உங்களிடம் வழி மட்டும்தான் கேட்டேன். "இந்த வெயில்ல ஐயாவ நடக்க வச்சே கூட்டிட்டுப் போகப் போறீங்களா?" என்று கேட்டு, கடையில் ஆள் நிரம்பியிருந்த நேரத்திலும் உங்கள் மகனைக் காரோடு அனுப்பினீர்கள். தம்பி பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. போகிற வழியில் எந்தச் சரிவில் டுரியான், எங்கே ஜாதிக்காய் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பழம் தானாக விழும்வரை காத்திருந்து, மரத்தடியில் கட்டிய வலையில் பிடிப்பார்கள் என்பதை அவர் சொல்லித்தான் அப்பா தெரிந்துகொண்டார். வழியில் ஒரு சீனப் பாட்டியின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பாட்டி ஒரு ஜாதிக்காயைப் பிளந்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். வெளிறிய மஞ்சள் சதைக்கு நடுவே, பளபளக்கும் கரும்பழுப்புக் கொட்டையை ரத்தச் சிவப்பு வலையாக ஜாதிபத்திரி சுற்றிப் பிடித்திருந்தது. குழம்புக்கும் பாயசத்துக்கும் காய்ந்ததையே வாங்கிப் பழகிய எனக்கு, அந்தச் சிவப்பு கண்ணைவிட்டுப் போகவில்லை. பாட்டி கொடுத்த ஜாதிக்காய்த் தண்ணீருக்கும் நன்றி. தொண்டையில் இறங்கிய அந்தப் புளிப்பும் குளிர்ச்சியும் நாள் முழுக்கத் தாங்கியது.

இனி வயல். அறுவடைக்கு நெருங்கிய நெல், கதிர் தலைசாய்ந்து நின்றது. பக்கத்து வயலில் இயந்திரம் அறுத்துக்கொண்டிருக்க, அதன் பின்னாலேயே கொக்குகள் கூட்டமாக நடந்தன. சாலை ஒற்றையடிப் பாதை போலக் குறுகல். மோட்டாரில் வந்த ஒவ்வொருவரும் வேகத்தைக் குறைத்து, அப்பாவுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. உங்களுக்கு இது சாதாரணமாக இருக்கலாம். பின்னால் யாராவது அவசரப்படுத்துவார்களோ என்று பயந்தே நகரத்தில் நடைபாதையில் இறங்காத ஒரு மனிதருக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் தெரியுமா? அவர் நின்றார், பார்த்தார், ஒரு கதிரைக் குனிந்து முகர்ந்தார், மறுபடி நடந்தார். அந்த நடைக்கு நீங்கள் எல்லோரும் இடம் விட்டீர்கள்.

வாய்க்கால் ஓரம் வந்தபோது அப்பாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிர்க்கரையில் மருந்து தெளித்துக்கொண்டிருந்த பாக்சிக் (மலாயில் பெரியவரை அப்படித்தான் அழைப்போம்), முதுகில் இருந்த டப்பாவை இறக்கி வைத்துவிட்டு வந்தார். ஒரு பலகையை வாய்க்காலின் குறுக்கே போட்டு, தன் மகனைக் கூப்பிட்டார். இருவரும் அப்பாவைத் தாங்கிப் பிடித்துக் கொட்டகையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். பாக்சிக் சேற்றுக் கையைக் கழுவிவிட்டுத் தரையில் அமர்ந்து, அப்பாவின் காலைத் தன் மடியில் வைத்துத் தைலம் தேய்த்தார். அப்பா கூச்சத்தில் காலை இழுக்க, அவர் விடவே இல்லை. பெற்ற பிள்ளைகூட அவ்வளவு பொறுமையாகத் தேய்க்குமா என்று தெரியவில்லை. அவர் மனைவி மக்சிக் வீட்டிலிருந்து இளநீர் வெட்டிக் கொடுத்தனுப்பினார்.

வலி விட்டதும் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அப்பாவின் மலாய் தோட்டத்து மலாய், பாக்சிக்கினுடையது வடக்குப் பேச்சு. இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. வருஷத்துக்கு இரண்டு போகம், எலித் தொல்லை, அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வரும் நஷ்டம், வயலைச் சுற்றி எழும்பும் புது வீடுகள் என்று எல்லாம் வந்தது. பிறகு அவர் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதிவிட்டு அரிசியைப் பல்லில் கடித்துப் பார்த்தார். அப்பாவிடமும் நாலு மணி கொடுத்தார். தாத்தாவும் கடையில் வாங்கும் அரிசியை இப்படித்தான் முன்பல்லில் கடித்துப் பார்ப்பாராம். அதைச் சொல்லும்போது அப்பாவுக்குக் குரல் தழுதழுத்தது. பாக்சிக் ஒன்றும் கேட்கவில்லை, தோளில் கை வைத்தார். அப்புறம் அவரே அப்பாவின் கையைப் பிடித்து வரப்பில் நடத்திக் கூட்டிப்போனார். கடைக்கோடி வரை போய்த் திரும்பினார்கள். மருந்து தெளிக்கும் வேலை அன்று பாதியில் நின்றதற்கு நாங்களே காரணம். கூலியாக எதுவும் கொடுக்க முயன்றிருந்தால் அவர் வருந்தியிருப்பார், அதனால் கேட்கவில்லை.

உங்கள் ஊருக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் நிறைய என்று தம்பி சொன்னார். இதைப் படித்துவிட்டுப் போக நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வரப்போடு நில்லுங்கள், கதிருக்குள் இறங்காதீர்கள். மிதிபட்ட நெல்லை இயந்திரத்தால் சரியாக அறுக்க முடியாது. அது அவர்களுடைய சாப்பாடு. வீட்டு வாசலில் விற்கிறவர்களிடம் ஏதாவது வாங்குங்கள். லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பு அங்கே அருமையாக இருக்கும், புளிப்பான அசாம், தேங்காய்ப்பால் சேர்த்த சியாம் இரண்டும் கிடைக்கும்.

அப்பா இப்போது காலையில் பக்கத்துப் பூங்காவுக்குத் தனியாகவே நடந்துபோய் வருகிறார். கால் பிடித்துக்கொண்டால் பாக்சிக் தேய்த்துவிட்ட அதே தைலம்தான்.

அக்கா, இந்த மடலை மலாயிலும் எழுதி, பாக்சிக் கேட்ட படங்களை அச்சுப்போட்டு, உங்கள் கடை முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். மேலே இருக்கும் உறை அவர்கள் வீட்டுக்கு, சின்ன உறை ஜாதிக்காய்ப் பாட்டிக்கு. தம்பி அந்தப் பக்கம் போகும்போது கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். உறையோடு இருக்கும் முறுக்கு உங்களுக்கு, அம்மா கைப்பக்குவம்.

மிகுந்த நன்றியுடன்,
செந்தூலிலிருந்து அப்பாவும் மகளும்