எல்லாரும் ஒன்றில்லை, தம்பி

ஏம்ஸ், அயோவா
2025 அக்டோபர்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசிவிடலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்" என்கிறாய். அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நீ எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி, ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போகிறார். ஏம்ஸைச் சுற்றி மக்காச்சோளம் அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். ராத்திரியிலும் வயலில் இயந்திர வெளிச்சம் தெரிகிறது. பாகற்காய் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது. பனி விழுவதற்குள் பறித்து வற்றல் போட்டு, உனக்கு ஒரு டப்பா தனியாக வைத்திருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அக்கா அனுப்பிய போட்டோவில் உன் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. ராத்திரி தூங்குகிறாயா?

அக்கா இன்னொரு செய்தியும் சொன்னாள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

போன தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தபோது நீ யாரிடமும் பேசவில்லை. கமலா ஹாரிஸுக்காகத் தேர்தல் வேலை பார்த்துத் தோற்றுப்போன களைப்பு, பேசவைக்க வேண்டாம் என்று அப்பா சொன்னார். நானும் சும்மா இருந்தேன். நீ கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை மாலைதான் ஜனாதிபதி பைடன், தண்டனைக்குக் காத்திருந்த தன் மகனுக்கு மன்னிப்பு கொடுத்த செய்தி வந்தது. மன்னிக்க மாட்டேன் என்று ஜூன் மாதம் எல்லார் முன்னாலும் சொன்னவர். விமான நிலையத்திலிருந்து எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாய்: "எல்லாரும் ஒன்றுதான் அம்மா." ஜனவரி 20ஆம் தேதி பதவியேற்ற அன்றே டிரம்ப், 2021 ஜனவரி 6ஆம் தேதி தன் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தில் புகுந்த வழக்கில் சுமார் 1,500 பேரை மன்னித்தார். அன்றைக்கு உன்னிடமிருந்து அந்த ஒரு வரிகூட வரவில்லை. நீ கோபப்படுவாய் என்று காத்திருந்தேன். நீ கோபப்படாததுதான் என்னை பயமுறுத்தியது.

உனக்கு வலித்தது தோல்வி இல்லை என்று எனக்குத் தெரியும். பென்சில்வேனியாவில் சுமார் 1,20,000 வாக்கு வித்தியாசம். அதை ஒரு ஆள் கதவைத் தட்டி மாற்றிவிட முடியாது, அது உனக்கே தெரியும். ஜூன் 27இல் பைடனும் டிரம்பும் டிவியில் மோதிய அந்த விவாதம்தான் உனக்குள்ளே தங்கிவிட்டது. அதற்கு முந்தின வாரம்வரை வயதானவர்களின் வாசலில் நின்று "அவர் நன்றாகத்தான் இருக்கிறார், பயப்படாதீர்கள்" என்று நீ நம்பிச் சொன்னாய். டிவியில் அந்த மனிதர் வாக்கியத்தை முடிக்கத் தடுமாறுவதைப் பார்த்தபோது, உன் வார்த்தையை நம்பிய அந்த முகங்கள் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். சமையலறையில் நீ அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது. நம்பிச் சொன்னது பொய் ஆகாது, தம்பி. தெரிந்துகொண்டும் மறைத்தவர்கள் இருந்தால் அந்தப் பாவம் அவர்களுடையது, உன்னுடையது இல்லை.

உன்னை நினைத்து நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. மன்னார்குடியிலிருந்து பெரியம்மா போன் செய்து, துளசேந்திரபுரம் சாஸ்தா கோயிலில், பைடன் விலகியதும் வேட்பாளரான கமலா ஹாரிஸ் ஜெயிக்கப் பூஜை நடக்கிறது, "உன் பிள்ளை அவங்களுக்காகவா வேலை பாக்குறான்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. கோபாலன் என்று அந்தக் கிராமத்திலிருந்து கிளம்பிய ஒருவரின் பேத்தி இங்கே ஜனாதிபதி வேட்பாளர், என் பிள்ளை அவருக்காகத் தெருத்தெருவாக நடக்கிறான். அவர் தோற்றதால் அந்தப் பெருமை குறைந்துவிடவில்லை. இன்னும் யார் கேட்டாலும் சொல்கிறேன்.

ஆனால் உனக்குள் இது கமலாவால் வந்ததும் இல்லை. 2008 ஜனவரி 3ஆம் தேதி வந்தது. எனக்குக் குடியுரிமை கிடைத்த பிறகு முதல் காகஸ், கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடி ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற கூட்டம். பள்ளிக்கூட ஜிம்மில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. 15 சதவீதம் தேறாத வேட்பாளரின் ஆட்கள் இரண்டாவது சுற்றில் வேறு மூலைக்குப் போகலாம். ரிச்சர்ட்சன் மூலையில் தனியாக நின்ற எதிர்வீட்டு ஆசிரியையிடம் ஓடிப்போய் என்னவோ பேசி, கையைப் பிடித்து ஒபாமா பக்கம் கூட்டிக்கொண்டு வந்தாய். வாக்களிக்கும் வயது இல்லை, பேசும் வயது இருந்தது. ஒரு மனிதரை மிரட்டாமல், காசு கொடுக்காமல், எதிரே நின்று பேசி மனதை மாற்றலாம் என்று அன்றைக்குத்தான் கண்டாய். அந்த அயோவா இப்போது இல்லை என்பது எனக்கும் தெரியும். 2020இல் செயலி கோளாறாகி முடிவு தெரியாமல் நாட்கணக்கில் நின்றோம், பிறகு ஜனநாயகக் கட்சி, வேட்பாளரை முதலில் தேர்ந்தெடுக்கிற இடத்தைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்துவிட்டது. இரண்டு முறை ஒபாமாவுக்குப் போட்ட மாநிலம் மூன்று முறை டிரம்புக்குப் போட்டுவிட்டது. எதிர்வீட்டு டீச்சர் இப்போதும் உன்னைக் கேட்கிறார்.

சரி, அக்கா சொன்னதற்கு வருகிறேன். வாஷிங்டனில் ஒரு ஆலோசனை நிறுவனம் உன்னைக் கூப்பிட்டிருக்கிறதாம். எந்தக் கட்சி என்று பார்க்காமல், பணம் கொடுப்பவர்களுக்கு விளம்பரம் செய்து கொடுக்கிற இடமாம். "கட்சி, கொள்கை எல்லாம் சின்னப்பிள்ளை விஷயம், இனிமேல் எனக்கு இது ஒரு தொழில்" என்று நீ அவளிடம் சொன்னாயாம். அவள் என்னிடம் சொன்னதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவளும் பயந்துதான் சொன்னாள்.

உனக்குச் சம்பளம் கூடுவதில் எனக்கு வருத்தமா? கடனை அடைத்துவிட்டு நிம்மதியாக இரு என்று சொல்லிக்கொண்டிருப்பவளே நான்தான். ஆனால் அந்தத் தொழிலில் விளம்பரத்துக்குச் செலவாகிற தொகையில் ஒரு பங்கு கமிஷனாக வருமாமே. அப்படியானால் வெறுப்பு எவ்வளவு விற்கிறதோ அவ்வளவு வருமானம். 2010இல் உச்ச நீதிமன்றம் கம்பெனிகளும் சங்கங்களும் தேர்தலில் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று சொன்ன பிறகு, சூப்பர் பேக் என்கிற தேர்தல் செலவுக் குழுக்கள் முளைத்து எல்லை இல்லாமல் போய்விட்டது. போன வருஷம் எலான் மஸ்க் ஒருவர் மட்டும் டிரம்ப் பக்கத்துக்கு 25 கோடி டாலருக்கு மேல் கொட்டினார். நீ வேலை பார்த்த பக்கமும் 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அந்த ஆற்றில் நீயும் இறங்கப்போகிறாய் என்கிறாள் அக்கா.

நம்பிக்கை போய்விட்டால் வெளியே வந்துவிடு, தம்பி. வீட்டுக்கு வா, ஒரு வருஷம் சும்மா இரு, யாரும் எதுவும் கேட்க மாட்டோம். நம்பிக்கை இல்லாமல் அங்கேயே உட்கார்ந்துகொள்ளாதே. மாமாவின் கடைசிப் பத்து வருஷம் எப்படிப் போயிற்று என்று உனக்குத் தெரியும். கட்சி மாறினதை நான் குறை சொல்லவில்லை. எந்தக் கட்சியும் ஒன்றுதான் என்று அவர் சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்துதானே அத்தை அப்படி ஆனாள்.

எல்லாரும் ஒன்று என்கிறாய். ஒரே ஆள்கூட ஒன்றாக இருப்பதில்லை. அறுபதுகளில் ஜனாதிபதியாக இருந்த லிண்டன் ஜான்சனை எடுத்துக்கொள். 1948இல் டெக்சஸில் கட்சியின் செனட் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தலில் கிட்டத்தட்ட 10 லட்சம் வாக்குகளில் வெறும் 87 வாக்கில் ஜெயித்தார். ஆலிஸ் என்ற ஊரின் 13ஆம் எண் பெட்டியில் கடைசியாகச் சேர்ந்த பெயர்கள் அகர வரிசையில், ஒரே மையில் இருந்தன. திருட்டு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதே மனிதர் 1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதே வருஷம் அக்டோபர் 3ஆம் தேதி சுதந்திர தேவி சிலையின் கீழே உட்கார்ந்து குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்பு இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்று ஒதுக்கீடு. அந்தக் கையெழுத்து இல்லையென்றால் நானும் அப்பாவும் இந்த மண்ணை மிதித்திருக்க மாட்டோம். அதே கைதான் வியட்நாமுக்கு ஐந்து லட்சம் சிப்பாய்களை அனுப்பியது. இந்த நான்கையும் கூட்டிக் கழித்து ஒரு தீர்ப்புச் சொல் என்றால் என்னால் முடியவில்லை. நான்கும் ஒன்றுதான் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

பதவி ஆசை என்ன செய்யும் என்பதற்கு நான் ஜனாதிபதி நிக்ஸனைத்தான் நினைப்பேன். 1972இல் 50 மாநிலங்களில் 49இல் ஜெயித்தவர். எதிர்க்கட்சி அலுவலகம் இருந்த வாட்டர்கேட் கட்டடத்தில் அவருடைய ஆட்கள் புகுந்து திருட ஒரு அவசியமும் இல்லை. எதிரிகள் சூழ்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அவரை விடவில்லை. 1974 ஆகஸ்ட் 9ஆம் தேதி வெள்ளை மாளிகையை விட்டுப் போகும்போது ஊழியர்களிடம், உங்களை வெறுக்கிறவர்களை நீங்கள் திருப்பி வெறுத்தால் உங்களையே அழித்துக்கொள்வீர்கள் என்றார். அதை அவர் தெரிந்துகொண்டது பதவி போகிற அன்றைக்கு. உன் நிறுவனம் விற்கப்போவதும் அந்த வெறுப்பைத்தான்.

2000 ஜனாதிபதி தேர்தலில் புஷ்ஷிடம் தோற்ற அல் கோரையும் நினைத்துப் பார். நாடு முழுவதும் 5 லட்சம் வாக்கு அதிகம் வாங்கியும், புளோரிடாவில் 537 வாக்கில் எல்லாம் போயிற்று. மறுஎண்ணிக்கையை 5க்கு 4 என்று நீதிமன்றம் நிறுத்தியது. 2001 ஜனவரி 6ஆம் தேதி துணை ஜனாதிபதி என்ற முறையில் அவரே தலைமை தாங்கித் தன் தோல்வியை எண்ண வேண்டியிருந்தது. அவருக்காக ஆட்சேபம் சொல்ல எழுந்த கறுப்பின உறுப்பினர்களை, செனட்டர் கையெழுத்து இல்லை, விதிப்படி செல்லாது என்று அவரே ஒவ்வொருவராக உட்காரச் சொன்னார். இருபது வருஷம் கழித்து அதே தேதியில், வேறு கட்சியின் துணை ஜனாதிபதி மைக் பென்ஸ், தன்னைத் தூக்கில் போடு என்று கூட்டம் கத்திய பிறகும் அன்றிரவே திரும்பி வந்து எண்ணி முடித்தார். அவருடைய அரசியல் எனக்குத் துளியும் பிடிக்காது. அதனாலேயே சொல்கிறேன்.

ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரைப் பற்றி எழுதாமல் முடியாது. யாருக்கும் தெரியாத ஆளாக நம் அயோவாவில் வீடு வீடாகத் தங்கி வாக்குக் கேட்டவர். 1976 காகஸில் யாருக்கும் இல்லை என்று நின்றவர்கள்தான் அதிகம், அவர் அதற்கு அடுத்து. அவருக்கும் பதவி ஆசை இருந்தது, இல்லாமல் யார் இவ்வளவு அலைவார்கள்? 1980இல் படுதோல்வி. பிளெயின்ஸ் என்ற தன் சின்ன ஊருக்கே திரும்பிப் போனார். நரம்புச் சிலந்தி என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, குடிதண்ணீர் வழியாக உடம்புக்குள் புழு வளர்கிற நோய், அது 1986இல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது. அவர் நூறு வயதில் போன டிசம்பரில் கண் மூடும்போது வருஷத்துக்கு இருபது பேருக்கும் கீழே வந்திருந்தது. துணியால் தண்ணீரை வடிகட்டச் சொல்லிக் கொடுத்துக் கிராமம் கிராமமாகச் செய்த வேலை. ஜனாதிபதியாக இருந்தபோது அவரால் முடியாததெல்லாம் எவ்வளவோ. இது முடிந்தது.

நீ கார்ட்டர் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, தூங்கு, அப்பாவுக்கு ஒரு போன் போடு. சாப்பிடும்போதும் போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஏன் என்று கேட்டால் வேலை விஷயம் என்கிறார். வேலை விஷயம் இல்லை. ஒரு பிள்ளை பெற்றவரை இப்படிக் காக்க வைப்பதும் நியாயம் இல்லை.

நவம்பர் 4ஆம் தேதி இங்கே நகர சபைக்கும் பள்ளி வாரியத்துக்கும் தேர்தல். நான் வாக்குச்சாவடிப் பணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பயிற்சிக்குப் போய் வந்தேன், இரண்டு கட்சிக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். காலை 7 மணியிலிருந்து ராத்திரி 8 மணி வரை. முழங்கால் சரியாக இருந்தால் அப்பா மத்தியானம் சாப்பாடு கொண்டுவருவார்.

தீபாவளி 20ஆம் தேதி, திங்கட்கிழமை. சனிக்கிழமையே வந்துவிடு, டிக்கெட் அப்பா எடுப்பார். வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த நிறுவனத்துக்குப் பதில் சொல்லக் கடைசி நாள் எது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அதை மட்டும் எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா