அந்த 60 நாள் கெடுவை நிறுத்தி வையுங்கள்: பிரிட்டன் உள்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரைப் பராமரிக்க வெளிநாட்டிலிருந்து வரும் எங்களைப் போன்ற கேரர்களுக்கான கேர் விசாவின் விதிகளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் முதியோர் இல்லத்தில் அவை என்ன செய்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

தானாகப் புரண்டு படுக்க முடியாத ஒரு பாட்டிக்கு இரவில் இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றிவிட வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்று கேர் பிளானிலேயே இருக்கிறது. இரவு ஷிஃப்டில் அந்த மாடிக்கு ஒரே ஆள். ஆனால் பக்கம் மாற்றியதைக் குறித்து வைக்கும் சார்ட்டில் எல்லாக் கட்டத்திலும் இரண்டிரண்டு கையெழுத்து. அத்தனையும் விடியற்காலையில் ஒரே பேனாவில் போட்டவை. பாட்டியின் முதுகடியில் தோல் சிவந்து, கொப்பளித்து, கடைசியில் புண்ணாகிவிட்டது. என்னோடு வேலை பார்த்த திருச்சிப் பெண் ஒருத்தி கையெழுத்துப் போட மறுத்து, மேலாளருக்கு மின்னஞ்சலும் அனுப்பினாள். அடுத்த ரோட்டாவில், அதாவது வேலை நாள் பட்டியலில், பாதி நாள் அவள் பெயரே இல்லை. பிறகு 'நடத்தை சரியில்லை' என்று வேலையும் போனது, விசாவுக்கு ஆதாரமாக முதலாளி தரும் ஸ்பான்சர்ஷிப்பும் போனது. 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைப் பிடி, இல்லையென்றால் கிளம்பு என்று போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. புண்ணைப் பற்றி விசாரிக்க இன்னும் ஒருவரும் வரவில்லை.

புகார் சொல்பவரைக் காக்க 1998ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, தெரியும். அதில் விசா பற்றி ஒரு வரி இல்லை. தீர்ப்பாயத்தில் வழக்கு விசாரணைக்கு வரும்போது அவள் திருச்சியில் இருப்பாள்.

கோரிக்கை ஒன்றுதான். பராமரிப்புக் குறை பற்றிப் புகார் சொன்ன கேரருக்கு, அந்தப் புகார் விசாரித்து முடியும்வரை 60 நாள் கெடு ஓடக் கூடாது.

பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நடந்த கொடுமைகளை டெர்ரி பிரையன் என்ற மூத்த செவிலியர் நிர்வாகத்திடமும் கண்காணிப்பு ஆணையத்திடமும் சொல்லிப் பார்த்தார், பலனில்லை. 2011இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ரகசியக் கேமராவில் எடுத்துக் காட்டிய பிறகுதான் வழக்கு நடந்து 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அனுபவமுள்ள செவிலியருக்கே அந்தக் கதி. ஏஜென்டுக்குக் கொடுத்த லட்சங்களுக்கு ஊரில் வட்டி கட்டுகிறவளிடம் 'தயங்காமல் பேசு' என்று ஓய்வறைச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். போஸ்டர் நன்றாகத்தான் இருக்கிறது, கலர் கலராக.

2022இல் ஆளில்லை என்று கூப்பிட்டீர்கள். 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டி வராதே என்றீர்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து கேரர்களை எடுப்பதையே நிறுத்தினீர்கள். உங்கள் நாடு, உங்கள் இஷ்டம். ஆனால் உங்கள் நாட்டு அப்பா அம்மாக்கள் இரவு முழுவதும் இருப்பது எங்களைப் போன்றவர்கள் கையில்தான், அதை... சரி, பேச்சு வேறெங்கோ போகிறது, மன்னிக்கவும்.

எங்களுக்கு நிரந்தரக் குடியுரிமை கேட்கவில்லை. பொய்ப் புகார் என்று நிரூபணமானால் அன்றே கெடு ஓடட்டும். விசாரணை முடியும்வரை மட்டும் அதை நிறுத்தி வையுங்கள் என்று பணிவுடன் கேட்கிறேன். அவளுடைய கெடு முடிவதற்குள் பதில் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
பெயர் போட முடியாத ஒரு கேரர்