செத்த முதலை மேல் வேல் எறிந்த வீரன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரித்திர நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு குதிரை, ஒரு வாள், ஒரு பேரழகி, தோல்வியே அறியாத ஒரு வாலிபன், இவ்வளவுதான் அந்த வகை நாவல் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். பல நாவல்களுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாயகன் வந்தியத்தேவனையும் அதே வரிசையில் நிறுத்தியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நாவலின் ஐந்து பாகங்களையும் மறுபடியும் படித்து முடித்த சூட்டோடு இதை எழுதுகிறேன்.

வந்தியத்தேவனுக்கு ஆள நாடு கிடையாது. வாணர் குலத்தில் பிறந்தவன் என்ற பெருமையைத் தவிர அவன் கையில் ஒன்றும் இல்லை. சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொடுத்த இரண்டு ஓலைகளோடு காஞ்சியிலிருந்து வருகிறான். ஒன்று தஞ்சையில் அவன் தந்தை சுந்தர சோழச் சக்கரவர்த்தியிடம் சேர வேண்டியது, மற்றது தங்கை குந்தவைக்கு. ஓலை கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. அதிலும் தஞ்சைக் கோட்டைக்குள் குந்தவையின் ஓலையைத் தவறவிட்டுவிட்டுத் தவிக்கிறான். தோல்வியே அறியாத வாலிபன் என்று இவனை எப்படிச் சொல்ல முடியும்?

அரிசிலாற்றங்கரைக் காட்சியைக் கட்டுரையாளர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். கரையில் பெண்கள் நிற்கிறார்கள், பக்கத்தில் ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. இவன் ஒரு கணமும் யோசிக்காமல் வேலை எறிகிறான். குறி தப்பவில்லை. ஆனால் அது எப்போதோ செத்துப்போன, உள்ளே பஞ்சு அடைத்த முதலை. பெண்கள் சிரிக்கிறார்கள். குந்தவை அங்கே இருக்கிறாள். தான் மனதில் வைத்திருக்கும் பெண்ணின் முன்னால் கதாநாயகன் காட்டும் வீரம் இப்படி முடிகிறது. உயிருள்ள முதலையை அங்கே விட்டு, அதை இரண்டு துண்டாக்கவும் வைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பியதும் மறந்திருப்போம். கல்கி அவனை வெட்கப்பட வைத்தார். முன்பின் பழகாத பெண்களுக்கு ஆபத்து என்றதும் கை தானாக வேலை எறிந்ததே, அந்தக் குணம் மட்டும் நம் மனதில் தங்கிவிடுகிறது. நான் அவன் பக்கம் முழுதாகச் சாய்ந்தது அந்த இடத்தில்தான்.

அப்புறம் கந்தமாறன் விஷயம். முதுகில் குத்துப்பட்டுக் கிடக்கும் நண்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறான். குத்தியவனே இவன்தான் என்று அந்த நண்பன் நம்புகிறான். காதல் கதை என்று பெயர் வாங்கிய நாவலில் என்னை அதிகம் வருத்தியது இந்த நட்பின் முறிவுதான். பின்னாளில் ராஜராஜன் ஆகும் இளவரசர் அருள்மொழிவர்மர் கடலில் மூழ்கிவிட்டதாகச் சோழ நாடே அழுகிறதே, அதற்கும் மூலம் இவனுடைய அவசரம். தீர விசாரிக்காமல் ஒரு கப்பலில் ஏறி மாட்டிக்கொள்கிறான். அவனைக் காப்பாற்ற இளவரசர் உயிரைப் பணயம் வைக்கிறார். வந்தியத்தேவன் நிதானமானவனாக இருந்திருந்தால் அங்கே கதையே வேறு பக்கம் போயிருக்கும். அவனுடைய குறைகள் கதைக்கு மேல் ஒட்டிய அலங்காரம் இல்லை, கதை நகர்வதே அவற்றால்தான்.

இப்படி எழுதக் கல்கிக்கு எப்படி இடம் கிடைத்தது என்று யோசித்தால் கல்வெட்டுகளிடம்தான் போக வேண்டியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் தமக்கை குந்தவையைச் சொல்லும்போது, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று வருகிறது. ஒரு பேரரசனின் அக்காள் கணவர் என்பதற்கு மேல் அந்த வரி அவரைப் பற்றிப் பேசவில்லை. எப்படிச் சிரித்தார், யாரிடம் பொய் சொன்னார், எதற்குப் பயந்தார், எல்லாமே நாவலாசிரியரின் கற்பனைக்கு விடப்பட்டது. ராஜராஜனை இப்படித் தடுமாற விட முடியாது. அவன் கட்டிய கோயில் நம் கண்முன் நிற்கிறது.

ஆதித்த கரிகாலன் கொலைக்கும் கல்வெட்டு உண்டு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் இருக்கும் அந்தச் சாசனம், ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நாவலில் கொலைப்பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது, பாதாளச் சிறைக்கும் போகிறான். சாசனத்தில் அவன் பெயரே இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். ஆடிப்பெருக்கு அன்று அவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயம் நடப்பது வீரநாராயண ஏரிக்கரையில், அதாவது இன்றைய வீராணம். கொலையாளிகளின் பெயர் பொறித்த கல் இருக்கும் ஊரும் அந்த ஏரியை ஒட்டியதுதான். கதையை அங்கே தொடங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குந்தவைக்கும் அவனுக்குமான காதல் கடைசிப் பாகத்தில் மெலிந்துபோகிறது; ராஜ்யக் காரியங்கள் அதை ஓரம் தள்ளிவிடுகின்றன. அவனை மனதில் வைத்திருந்த கந்தமாறனின் தங்கை மணிமேகலையின் முடிவு தரும் துயரத்தில் பாதிகூட அந்தக் காதல் தரவில்லை. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் படித்த வாசகர்களுக்கும் முடிவு திருப்தி தரவில்லை போலிருக்கிறது. அவர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டி வந்தது.

2022, 2023-இல் திரைப்படம் வந்த பிறகு இளைஞர்கள் பலர் நாவலைக் கையில் எடுப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அவர்களில் பலர் சுருக்கப் பதிப்பைத்தான் தேடுகிறார்கள். சுருக்குபவர்கள் சதித் திட்டத்தையும் போரையும் வைத்துக்கொண்டு, முதலை மாதிரியான காட்சிகளைத்தான் முதலில் எடுத்துவிடுவார்கள். சரி, நேரம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். முதல் பாகமான 'புது வெள்ளம்' ஒன்றையாவது முழுதாகப் படியுங்கள் என்பேன்.

அடுத்த மாதம் தங்கள் இதழில் ஒரு சரித்திரத் தொடர் ஆரம்பமாகப் போவதாக அறிவிப்பு பார்த்தேன். அதன் ஆசிரியரிடம் ஒரு வாசகரின் வேண்டுகோளாக இதைச் சொல்லுங்கள்: நாயகன் முதல் பத்து அத்தியாயத்துக்குள் ஒரு முறையாவது ஏமாறட்டும், தோற்கட்டும். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும், எது கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இருப்பது, எது தாமே கற்பித்தது என்று அரைப் பக்கம் எழுதினால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்