முந்திரிக்கொத்தும் ஒரு கை மைதாவும்

அன்பு மக்ளே,

"தீபாவளிக்கு இந்த வருஷம் ஒன்றும் அனுப்ப வேண்டாம் அம்மா, எப்படியும் என்னால் சாப்பிட முடியாது" என்று எழுதியிருந்தாய். ஃபோனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன தடவை நீ வந்தபோது, உனக்கு சீலியாக் நோய் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் விளக்கினாய். கோதுமை, பார்லி, ரை மூன்றும் ஆயுசுக்கும் கூடாது, குடல் ஆறும்வரை பாலும் வேண்டாம் என்றாய். நானும் ரவை, சேமியா, ஆட்டா எல்லாவற்றையும் பரணில் ஏற்றினேன். அப்புறம் உனக்குப் பிடிக்குமே என்று முந்திரிக்கொத்து சுட்டேன். உள்ளே பயறும் வெல்லமும், மேலே அரிசி மாவும்தானே! மேல்மாவு வெடிக்காமல் இருக்க ஒரு கை மைதா போடுவது இருபது வருஷப் பழக்கம். அன்றைக்கும் கை தானாகப் போட்டிருக்கிறது. ராத்திரி முழுக்க நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய். பிரயாணக் களைப்பு என்று எல்லோரும் சொன்னோம். நீ ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து மைதா டப்பாவை எடுக்கும்போதுதான், அதுவும் கோதுமைதானே என்று எனக்குச் சுரீரென்றது.

அப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு கை மைதா 30 கிராம் வரும். அதில் உனக்கு ஆகாத அந்தக் கோதுமைப் புரதம், குளூட்டன், ஏறக்குறைய 3 கிராம், அதாவது 3,000 மில்லிகிராம். 'குளூட்டன் இல்லை' என்று அட்டையில் போட வேண்டுமானால் ஒரு கிலோ பண்டத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கேயும் அதே அளவு, உங்கள் மான்செஸ்டரிலும் அதே அளவு. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

என் அம்மா முந்திரிக்கொத்துக்கு மைதா போட்டு நான் பார்த்ததே இல்லை. பச்சரிசியை ஊறவைத்து, அம்மியில் மையாக அரைத்து, மஞ்சள்பொடியும் ஒரு கல் உப்பும் போட்டு, தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைப்பாள். நான்தான் அவசரத்துக்கு மில்லில் அரைத்த மாவுக்கு மாறினேன், அது ஒட்டவில்லை என்று மைதாவுக்கும் போனேன். மில் மாவிலும் வில்லங்கம் உண்டு. எனக்கு முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்திருந்தால் அது இயந்திரத்தின் வாயிலேயே தங்கியிருக்கும், அடுத்து வருவது என் அரிசி.

இப்போது மிக்ஸிக்குப் புது ஜார், புது இருப்புச்சட்டி, புது மாவுச் சல்லடை வாங்கியிருக்கிறேன். மூன்றிலும் உன் பெயரைச் சிவப்பு பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார் அப்பா. போன வாரம் ஒரு தடவை சுட்டுப் பார்த்தேன். சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்தேன். தேங்காய்த் துருவலை நெய் இல்லாமல் வெறும் சட்டியில் சிவக்க வறுத்தேன். எள், ஏலம், சுக்கு சேர்த்து, வெல்லப்பாகைக் கம்பிப் பதத்தில் ஊற்றிச் சூட்டோடு உருட்டினேன். உள்ளங்கை பொரிந்துவிட்டது, போகட்டும். உருண்டைகளை ஒரு ராத்திரி அப்படியே காயவிடுவதுதான் சூட்சுமம். ஈரம் இருந்தால்தான் மேல்மாவு வெடிக்கும். மறுநாள் மும்மூன்றாக மாவில் முக்கித் தேங்காயெண்ணெயில் விட்டேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை! ஒரு கை மைதாவை இத்தனை வருஷம் எதற்குப் போட்டேன் என்று இருந்தது. (உன் சிநேகிதி ஒருத்தி இதில் முந்திரிப்பருப்பைத் தேடினாளே, அவளிடம் சொல், பழைய தமிழில் முந்திரி என்றால் திராட்சை. குலைபோல ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர்.)

போளியும் பால்பாயசமும் போனதுதான். அதற்கு ஈடு இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். நம் நாகர்கோவில் கல்யாணத்தில் இலையில் போளியைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் பால்பாயசம் ஊற்றும்போது நீ தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். பால் பிறகு ஒருவேளை ஒத்துக்கொள்ளலாம். குடலின் உள்பக்கம் பூந்துவாலை மாதிரி இருக்குமாம். உனக்கு வந்திருக்கும் நோயில் கோதுமையால் அந்த நூல்கள் தேய்ந்துவிடுகின்றன. பாலின் இனிப்பைச் செரிக்க வைக்கும் நொதி அங்கேதான் ஊறுவதால் அதுவும் குறைந்துவிடுகிறது. நூல் திரும்ப வளர்ந்தால் பாலும் செரிக்கலாம். உன் டாக்டர் சொல்லட்டும், நீயாகச் சோதித்துப் பார்க்காதே.

அதுவரை பருப்புப் பிரதமன் இருக்கிறது, தேங்காய்ப்பாலில் வைக்கும் பாயசம். அதற்கு எந்தக் காலத்திலும் மாட்டுப்பால் கிடையாது. ஒரு கப் சிறுபருப்பை வறுத்துக் குழைய வேகவை. ஒன்றரைக் கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து, அது சுருண்டு வரும்வரை கிளறு. தேங்காய் பிழிய அங்கே வசதி இல்லையென்றால் டின்னில் வரும் தேங்காய்ப்பால் போதும். டின்னைக் குலுக்காதே. மேலே கட்டியாக நிற்பது தலைப்பால், அதை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் தண்ணீர் கலந்து இரண்டாம் பாலாக ஊற்றிக் கொதிக்கவிடு. அடுப்பை அணைத்த பிறகுதான் தலைப்பால். கொதித்தால் திரிந்துவிடும். தேங்காய்ப் பல்லை நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெயில் வறுத்துப் போடு. எனக்கு அதுதான் கூடுதல் ருசி.

தேங்காய்ப்பால் பவுடர் வாங்கினால் அட்டையைப் படி. பலவற்றில் பால் புரதம் சேர்க்கிறார்கள். உங்கள் ஊரில் பால், கோதுமை எல்லாம் தடித்த எழுத்தில் இருக்குமாமே, அது நல்ல காரியம். கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், பாயசத்துக்குச் சம்பந்தமில்லை, சாம்பாருக்குச் சொல்கிறேன். இன்னொன்று, கடையில் 'குளூட்டினஸ் ரைஸ்' என்று பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனதாகச் சொன்னாயே. அது வெறும் ஒட்டரிசி. பெயர்தான் அப்படி, குளூட்டன் துளியும் கிடையாது. நம் கவுனி அரிசிக்கு உறவு என்று வைத்துக்கொள். தைரியமாக வாங்கு.

நீ படம் அனுப்பிய அந்தக் குளூட்டன் இல்லாத கேக்கைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. காசு கொடுத்து மரத்தூளைத் தின்பானேன்?

பார்சலில் முந்திரிக்கொத்து நாற்பது, நேந்திரங்காய்ச் சர்க்கரை வரட்டி அரைக்கிலோ, எள்ளுருண்டை. இந்தியாவிலிருந்து பால் பண்டம் எதுவும் உங்கள் நாட்டுக்குள் விடமாட்டார்களாம். இதில் பால் இல்லை, ஆட்சேபம் சொல்ல ஒன்றுமில்லை. மான்செஸ்டர் வந்து சேர்ந்ததும் டப்பாவைத் தனியாக வை, உன் வீட்டுக்காரர் பிஸ்கட் தின்ற கையை உள்ளே விட்டுவிடப் போகிறார்.

நாற்பது என்று எழுதினேன் அல்லவா, முப்பத்தேழு என்று திருத்திக்கொள். அப்பா ருசி பார்க்கிறாராம்.

அம்மா