பிரேக் பேடை யார் மாற்றுவது?

பிராம்ப்டன், ஒன்டாரியோ
நவம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் மதினியும் பிள்ளைகளும் சுகம். அம்மைக்குத் தனியாக எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன், வாசித்துக் காட்டு.

கனடாவில் எல்லாரும் அவரவர் காருக்கு அவரவரே பிரேக் பேட் மாத்துதாங்களாமே, நம்ம ஸ்விஃப்டுக்கு நானே மாத்தட்டுமா என்று கேட்டிருந்தாய். எல்லாரும் இல்லை, நிறையப் பேர் மாற்றுகிறார்கள். முதல் காரணம் கூலி. இங்கே ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரக் கூலியே நூறு டாலருக்கு மேல். பேடும், அது உரசிப் பிடிக்கிற டிஸ்க் என்ற இரும்பு வட்டும், வரியும் சேர்ந்தால் பில் பல நூறு டாலரில் போய் நிற்கும். பேட் பெட்டியை மட்டும் கடையில் வாங்கினால் அதில் சிறு பங்குதான். வீட்டு முன்னால் சிமென்ட் தளம் இருக்கிறவன் சனிக்கிழமை ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கிவிடுவான். அடுக்குமாடியில் இருக்கிறவனுக்கு அது முடியாது. கார் நிறுத்துமிடத்தில் ரிப்பேர் பார்க்கக் கூடாது என்று அனேகமாக எல்லாக் கட்டடத்திலும் விதி உண்டு. அவன் எப்படியும் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

இரண்டாவது காரணம் குளிர். நவம்பரில் பனிக்கால டயர் மாட்டுவார்கள், ஏப்ரலில் கழற்றுவார்கள். பக்கத்துக் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனாலும் பலர் மாட்டுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை நாலு சக்கரமும் கழன்று வருவதால் பிரேக்கைக் கண்ணால் பார்க்கிற பழக்கம் தானாக வந்துவிடுகிறது. நம்மூரில் பஞ்சர் ஆனால்தான் சக்கரம் கழலும்.

இங்கே பிரேக்கைக் கெடுப்பது தேய்மானத்தைவிட உப்பு. பனி உறையாமலிருக்க ரோட்டில் கல்லுப்பைக் கொட்டுகிறார்கள். அந்தத் தண்ணீர், பேடை டிஸ்க்கோடு அழுத்துகிற கேலிப்பரின் இடுக்கில் ஏறித் துருவாகும். பேட் உட்காரும் இடத்தில் மெல்லிய எஃகு கிளிப் இருக்கும். துரு அதன் அடியில் வளர்ந்து கிளிப்பை மேலே தள்ளும். பேட் முன்னும் பின்னும் நகர முடியாமல் இறுகிக்கொள்ளும். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் டிஸ்க்கை விடாது. பேட் பாதிகூடத் தேயாத நிலையில் வேலை வந்து நிற்பது இதனால்தான். உவரியில் அத்தான் வீட்டுக் காருக்கும் இதே கதைதான் வரும். அங்கே ரோட்டில் யாரும் உப்பு கொட்ட வேண்டாம், கடல்காற்றே கொண்டுவந்து போட்டுவிடும். அத்தானிடம் சொல்.

இப்போது உனக்கு என் பதில்: நீ மாற்றாதே. மாற்றுகிற இடத்தில் கூட நில்.

ஏன் என்றால், சொந்தக் கையால் செய்வதில் இருக்கிற உண்மையான லாபம் காசு அல்ல, அவசரமில்லாமல் செய்ய நேரம் கிடைப்பதுதான். பழைய பேடை உருவிப் புதியதைச் செருகுவது ஒரு சக்கரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம். துரு சுரண்டி, கேலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின்னைத் துடைத்து, கிரீஸ் வைப்பதற்கு அதைப்போல இரண்டு மடங்கு ஆகும். இங்கே பல ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்குக்கு வேலைக்கு இவ்வளவு என்று கூலி, எத்தனை மணி நேரம் ஆனாலும் அதேதான். அவன் சுரண்டிக்கொண்டிருந்தால் அவனுக்கு நஷ்டம், அதனால் விட்டுவிடுவான். களக்காட்டில் பேட் மாற்றக் கூலி சில நூறு ரூபாய். ஜாக்கி ஸ்டாண்டு, டார்க் ரென்ச், சி கிளாம்ப் என்று நீ வாங்கிச் சேர்க்கும் செலவுக்கு எத்தனையோ தடவை மெக்கானிக்கிடமே மாற்றிவிடலாம். அவசரப்படாதீங்க அண்ணாச்சி, சுத்தம் பண்ணி மாட்டுங்க என்று சொல்லி, அதற்கு நூறு ரூபாய் சேர்த்துக் கொடு. வேலை நடக்கும்.

போவதற்கு முன் பேடை நீயே வாங்கி வைத்துக்கொள். மாருதியின் அசல் பேட் அல்லது பெயர் தெரிந்த கம்பெனியின் பேட், காரின் மாடலும் வருஷமும் சொல்லி வாங்கு. பிரேக்ஸ் இந்தியா 1962 முதல் சென்னைப் பாடியில் இருக்கிறது, டி.வி.எஸ். குடும்பத்துக் கம்பெனி. டி.வி.எஸ்ஸைத் தொடங்கிய சுந்தரம் அய்யங்கார் பிறந்தது நமக்குப் பக்கத்துத் திருக்குறுங்குடியில்தான், ஆக ஊர்ப்பாசம் என்றே வைத்துக்கொள். பெட்டியில் பெயரே இல்லாத மலிவுப் பேட் வேண்டவே வேண்டாம். அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தால் கண்டுபிடிக்க உனக்கு வழி கிடையாது. கனடாவில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பொருள்களை 2018 கடைசியில் தடை செய்துவிட்டார்கள். எந்தப் பேடாக இருந்தாலும் பிரேக் தூசியைக் காற்றடித்து ஊத விடாதே. பிரேக் கிளீனர் தெளித்து நனைத்துத் துடைக்கச் சொல்.

நம் ஸ்விஃப்டுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்; டிரம்மில் பேடுக்குப் பதில் ஷூ. பேட் என்பது முன் சக்கரத்துக்கு மட்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் முன்பேட்தான் சீக்கிரம் தேயும். புதுப் பேடில் உரசுகிற பகுதி 10 முதல் 12 மி.மீ. இருக்கும், பின்னாலுள்ள இரும்புத் தகட்டைச் சேர்க்காமல் அளக்க வேண்டும். 3 மி.மீ. ஆனால் மாற்றிவிடு. சில பேடில் சின்ன இரும்பு நாக்கு ஒன்று இருக்கும், பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். அது கத்தட்டும் என்று காத்திருக்காதே. சக்கரத்து ஓட்டை வழியாகத் தெரிவது வெளிப்பேட் மட்டும். உள்பேட் அதற்கு முன்பே தேய்ந்து தகடாகியிருக்கலாம். சக்கரத்தைக் கழற்றாமல் சொல்லுகிற எந்த மதிப்பீட்டையும் நம்பாதே.

இனி ஒர்க்‌ஷாப்பில் கவனிக்க வேண்டியது. சமதளமான கெட்டித் தரையில் வண்டி நிற்க வேண்டும். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டுப் பிறகு தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையை உள்ளே விடக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லை அடுக்கி வைத்தால் எழுந்து வந்துவிடு; பாரம் ஏறினால் செங்கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

கேலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி மேலே மடக்கலாம், அல்லது இரண்டையும் கழற்றி முழுதாக எடுக்கலாம். எடுத்தால் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்ட வேண்டும். பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸில் தொங்க விட்டால் ஹோஸ் உள்ளுக்குள்ளே கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்க விடாதே. ஒன்றை முடித்த பிறகுதான் மற்றது. கிளிப் எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் பார்க்க ஒரு மாதிரி வேண்டும். மாற்றும்போது இரு பக்கமும் சேர்த்துத்தான், ஒரு பக்கம் மட்டும் என்பது கிடையாது.

பழைய பேட் நாலையும் வரிசையாக வைத்துப் பார். அதில்தான் விஷயம் இருக்கிறது. உள்பேட் அதிகம் தேய்ந்து வெளிப்பேட் தடிமனாக நின்றால், ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது அல்லது பேடைத் தள்ளுகிற பிஸ்டன் திரும்பி வரவில்லை. ஒரே பேட் ஒரு முனையில் மெலிந்து சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் ஸ்லைடு பின்னில்தான் முதல் சந்தேகம். வலது பக்கம் தேய்ந்து இடது பக்கம் தேயாமல் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்திருக்குமே, நினைவிருக்கிறதா பார். இதைச் சரிசெய்யாமல் புதுப் பேடைப் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும்.

ஸ்லைடு பின் இரண்டையும் உருவி, பழைய கிரீஸை முழுதும் துடைத்து, சிலிக்கான் பிரேக் கிரீஸ் மெல்லியதாகத் தடவ வேண்டும். வீல் பேரிங்குக்கு வைக்கிற சாதாரணக் கிரீஸ் கூடாதுலே. அது ரப்பர் உறையை ஊதச் செய்யும், ஸ்லைடு பின் முன்னைவிட மோசமாக இறுகும். மெக்கானிக் கைக்கு எட்டிய டப்பாவை எடுப்பார். அதனால் சிறிய சிலிக்கான் கிரீஸ் டியூப் ஒன்றை நீயே கொண்டுபோ. கிளிப்பைக் கழற்றி அதன் அடியைக் கம்பி பிரஷால் பளபளக்கத் தேய்க்கச் சொல். பேடின் காது உட்காரும் இடத்தில் துளி கிரீஸ் போதும். உரசுகிற முகத்திலும் டிஸ்க்கிலும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது.

டிஸ்க்கின் தடிமனையும் அளக்கச் சொல். இதற்கு மேல் தேயக் கூடாது என்ற அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் கடைசல் பிடிப்பதாகச் சொன்னாலும் வேண்டாம், புதியது போடு. புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் கழுவிய பிறகுதான் மாட்ட வேண்டும்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். இடையில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். மூடியைத் திறந்து ஒரு கண் வைத்துக்கொள். பட்டுவிட்டால் உடனே தண்ணீர் ஊற்று.

அந்த ஆயிலை மாற்றி எத்தனை வருஷம் ஆகிறது? உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறுகிற மாதிரி அதில் காற்றின் ஈரம் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். ஆயிலின் வகை டாட் 3 என்றால் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் 230, 155. காரையாற்றிலிருந்து பாபநாசம் இறங்கும்போதோ, ஆரியங்காவு மலைப்பாதையில் லாரிக்குப் பின்னாலோ பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கேலிப்பர் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ஆயில் கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும், வண்டி நிற்காது. மலையில் இரண்டாம் கியரில் இறங்கு. ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று. எந்த வகை என்று டப்பா மூடியிலேயே போட்டிருக்கும். டாட் 5 என்ற சிலிக்கான் ஆயில் வேறு ஜாதி, அதை இதோடு கலக்கவே கூடாது.

எல்லாம் மாட்டி வண்டியை இறக்கிய பிறகு, நகர்த்துவதற்கு முன்னால் பெடலை நன்றாகக் கெட்டியாகும் வரை மிதிக்க வேண்டும். முதல் சில மிதிக்குப் பெடல் சும்மா இறங்கும், பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறதே. இதை மறந்து வண்டியை எடுப்பதில்தான் பலர் சுவரில் போய் முட்டுகிறார்கள். எத்தனை மிதித்தாலும் பஞ்சு மாதிரி இருந்தால் பைப்பில் காற்று இருக்கிறது, காற்று எடுக்காமல் வெளியே வராதே.

புதுப் பேட் டிஸ்க்கோடு படிய வேண்டும். அதிகாலையில் நாங்குநேரிப் பக்கம் நான்குவழிச் சாலைக்குப் போ. பின்னால் வண்டி இல்லாதபோது 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறை, முழுதாக நிறுத்தாதே. இப்படி எட்டுப் பத்து தடவை, இடையில் கொஞ்சம் ஓட விட்டு. பிறகு பிரேக் தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடு. சூட்டோடு மிதித்தபடி நின்றால் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டும், அப்புறம் பெடல் அதிரும். மறுநாள் ஓட்டிவிட்டு வந்ததும் இரண்டு முன் சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை வைத்துப் பார். ஒன்றில் மட்டும் சூடு அடித்தால் அந்தப் பக்கம் பேட் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

பட்டனை அழுத்திப் போடுகிற எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள கார் யாராவது கொண்டுவந்து, பின் பிரேக்கை உன்னைப் பார்க்கச் சொன்னால் தொடாதே. கம்ப்யூட்டர் மாட்டி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் பிஸ்டனைத் தள்ளினால் உள்ளே இருக்கும் மோட்டார் போய்விடலாம். இங்கே சொந்தக் கையால் செய்கிறவர்களும் அதற்கு மட்டும் தனிக் கருவி வாங்கி வைத்திருக்கிறார்கள்.

சக்கரத்தைக் கழற்றும்போது உள்பேட், வெளிப்பேட் அளவு, டிஸ்க் அளவு இரண்டு பக்கத்துக்கும் குறித்து அனுப்பு. பின் டிரம்மையும் அன்றைக்கே திறந்து ஷூ எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்