பம்ப் துப்பாக்கி கேட்ட பாப்பாவுக்கு

தாண்டிக்குடி,
புரட்டாசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் சூ ஃபால்ஸிலிருந்து போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் எல்லாம் இல்லை. "ஆபீஸ்ல எல்லாரும் அக்டோபர்ல ஃபெசன்ட்னு ஒரு கோழி வேட்டைக்குப் போறாங்கப்பா, நானும் ஒரு பம்ப் துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன், கம்மி விலையில எது நல்லது?" என்று கத்தரிக்காய் விலை விசாரிப்பதுபோல் கேட்டாய். இந்த வீட்டில் துப்பாக்கிப் பேச்சு நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் விசா. நீ இன்னும் எச்-1பி-யில்தானே இருக்கிறாய்? அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி, உன்னைப்போல் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. அதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று, அங்குள்ள ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ். ஆகவே முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் கடை. சிநேகிதி தன் துப்பாக்கியை நீட்டி "பிடித்துப் பார்" என்றாலும் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான். கடையில் 4473 என்று ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள், அதில் இதைப் பற்றியும் கேள்வி உண்டு. உள்ளதை உள்ளபடி எழுது. விசாவைப் பார்க்கும் உன் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். நான் இங்கே உட்கார்ந்து படித்தது ஒன்று, அவர் தினம் பார்ப்பது வேறு. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு உன் வயதுக்குக் கட்டாயமோ இல்லையோ, போய் உட்கார்ந்துவிட்டு வா.

இனி துப்பாக்கி. உன் தாத்தாவிடம் இருந்தது 12 போர் இரட்டைக் குழல். லைசென்ஸ் புத்தகத்தில் டி.பி.பி.எல்., அதாவது பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக் குழல் என்று எழுதியிருக்கும். சுவர்க்கோழி கத்தி அடங்குவதற்குள் எழுந்து, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே அவர் பின்னால் நடப்பேன். தோட்டாவைச் சுமப்பது என் வேலை. புனே பக்கம் கிர்க்கியில் செய்த சக்திமான் தோட்டா. அதற்குள் இருக்கும் ஈயக்குண்டுகளைத்தான் ரவை என்போம். காட்டுக்கோழிக்கு 4-ஆம் நம்பர் ரவை, காடைக்கு 8. நம்பர் ஏற ஏற ரவை பொடிசாகும், இதை மனதில் வை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பிறகு அவர் வேட்டைக்குப் போகவில்லை. பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்து வெடிப்பதோடு சரி. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும் முடிந்ததும் வாங்கி வருவதுமாக இருந்து, கடைசியில் நானே ஒரேயடியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நீ பிறப்பதற்கு முன்பே அது சுவரில் தொங்கும் பொருளாகிவிட்டது. அதனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தத் துப்பாக்கி எனக்குக் கடைசிவரை ஒத்துவரவே இல்லை. தாத்தா ஆறடி. அவர் கைக்குச் செய்த கட்டை, அதாவது தோளில் ஊன்றும் பின்பகுதி, எனக்கு நீளம். தோளில் பொருத்தினால் கன்னம் கட்டையில் படியாது, தலையை முன்னால் நீட்டவேண்டும். சுட்டால் தோள் கன்றிப்போகும், கோழி பறந்துபோகும். நான் சரியாகக் குறி பார்க்கவில்லை என்றே எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். பல வருஷம் கழித்து, பக்கத்து எஸ்டேட்டில் ஒருவருடைய குட்டைக்கட்டைத் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடித் திறந்தால் குழலின் முனை நான் பார்க்கும் இடத்திலேயே நின்றது. அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது.

நீயோ ஐந்தடி இரண்டு அங்குலம், போதாக்குறைக்குப் பீச்சாங்கைக்காரி. சோற்றை இடக்கையில் எடுத்ததற்கு அப்பத்தா உன் கையில் அடித்தது நினைவிருக்கிறதா? இந்த இரண்டையும் வைத்துத்தான் நீ துப்பாக்கி தேட வேண்டும். விலை அதற்குப் பிறகு.

நீ அனுப்பிய பட்டியலில் மலிவானது மாவெரிக் 88. 300 டாலருக்குள் புதிதாகவே கிடைக்கிறது. மாஸ்பெர்க் கம்பெனியின் சிக்கன ரகம்தான் அது, உழைக்கும் சரக்கு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன் சேஃப்டி, அதாவது தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு, விசைக்குப் பக்கத்தில் குறுக்காகத் தள்ளும் பொத்தான். வலக்கைக்காரன் விரலுக்காக வைத்தது. பறவை சடசடவென்று எழும் அரை நொடியில் உன் விரல் அதைத் தேடித் தடவும். அதே கம்பெனியின் மாஸ்பெர்க் 500-ல் சேஃப்டி முதுகில் இருக்கிறது, கட்டைவிரலால் முன்னே தள்ளினால் போதும், எந்தக் கையானாலும் ஒன்றுதான். 1960 வாக்கில் வந்த மாடல், ஒரு கோடிக்கு மேல் செய்துவிட்டார்கள். விலை கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதலைக் கொடு. அதிலேயே கட்டை குட்டையான ரகமும் உண்டு, பான்டம் (Bantam) என்பார்கள். சிறுவர்களுக்கானது என்று கடைக்காரர் தயங்கினால் நீ தயங்காதே. அந்த ஊர்க் குளிருக்கு மேலே தடிமனாகக் கோட்டு வேறு போடுவாய், அதுவே கட்டையை இன்னும் ஓர் அங்குலம் நீட்டியதுபோல் ஆகிவிடும்.

ரெமிங்டன் 870 பற்றிக் கேட்டிருந்தாய். 1950 வாக்கில் வந்தது, அதுவும் ஒரு கோடியைத் தாண்டியது. கம்பெனி 2018-லும் 2020-லும் திவால் மனுக் கொடுத்து, கைமாறிப் போயிருக்கிறது. பழையது நல்லதாக அமைந்தால் வாங்கலாம், ஆனால் அதிலும் குறுக்குப் பொத்தான்தான். பழைய துப்பாக்கி விற்கும் கடைகளில் இதாகா 37 கண்ணில் பட்டால் மட்டும் நின்று பார். 1937-ல் வந்த துப்பாக்கி. சுட்ட தோட்டா வலப்பக்கம் தெறிக்காமல் கீழ்வழியாக விழும். மற்றவற்றில் உன் முகத்துக்கு முன்னால் குறுக்கே பறக்கும். அடிபடாது, ஆனாலும் கண் சிமிட்டும். பழையது எதை எடுத்தாலும், தோட்டா இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே வைத்து உள்ளே பார். நசுக்கமோ வீக்கமோ தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

12 போரா 20 போரா? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் 12 போர் குழலின் வாய், 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டையாக்கினால் 15.6. உனக்கு 20 போதும். 28 கிராம் ரவை போட்ட தோட்டா முப்பது கெஜத்தில் ஒரு ஃபெசன்ட் சேவலைத் தாராளமாக விழவைக்கும். உன் ஆபீஸ்காரர்கள் சிரிப்பார்கள், மூன்றரை அங்குலத் தோட்டா போடும் 12 போரைக் காட்டுவார்கள். அது வாத்துக்கும் கூஸ் என்ற பெரிய வாத்தினத்துக்கும் உள்ளது, நீ அதைச் சுட்டுவிட்டு மறுநாள் கீபோர்டில் கை வைக்க முடியாது.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள். 20 போர் தோட்டா 12 போர் குழலில் நழுவி உள்ளே போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். வெடிக்கவில்லையே என்று பின்னால் ஒரு 12 போட்டுச் சுட்டால் குழல் கிழியும், பிடித்த கையும் போகும். அதற்காகத்தான் அங்கே 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். காரில் எல்லார் தோட்டாவும் ஒரே பையில் கிடக்கக் கூடாது. உன்னுடையது உன் பையில்.

பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டாயே, நம் பள்ளிக்கூடத்து வாசலில் இருந்த அடிபம்பை நினைத்துக்கொள். பாதி அடித்தால் தண்ணீர் வருமா? முழுசாக அமுக்கி முழுசாகத் தூக்க வேண்டும். இதுவும் அப்படித்தான். முன்கட்டையைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டா வெளியே போகும், முன்னால் தள்ளினால் புதுசு ஏறும். புதிதாகப் பிடிப்பவர்கள் பதற்றத்தில் பாதி இழுத்து நிறுத்திவிடுவார்கள், பழைய தோட்டா உள்ளேயே சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி மேல் பழி போடுவார்கள். முரட்டுத்தனமாக இழு, அது ஒன்றும் வீணை இல்லை.

புறா, வாத்து மாதிரி வலசை போகும் பறவைகளைச் சுட அங்கே மூன்று தோட்டாவுக்கு மேல் துப்பாக்கியில் இருக்கக் கூடாது. அதற்காக, குழலுக்குக் கீழே தோட்டா அடுக்கும் குழாய்க்குள் ஒரு மரக்குச்சி போட்டு வருகிறது. ஃபெசன்ட் வலசைப் பறவை இல்லை, சீனாவிலிருந்து கொண்டுபோய் விட்ட கோழியினம். ஆனாலும் குச்சி அப்படியே கிடக்கட்டும். மூன்றில் விழாதது ஐந்திலும் விழாது.

ரவை விஷயத்தில் ஈயமா எஃகா என்று ஒரு சிக்கல் இருக்கிறது. வாத்துக்கு 1991 முதல் நாடு முழுக்க ஈயம் கூடாது. உங்கள் பக்கத்தில் வாத்து வளர்ப்புக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் நிலங்களில் ஃபெசன்ட்டுக்கும் கூடாது. எஃகு இலேசு என்பதால் இரண்டு நம்பர் பெரிதாக எடு. ஈயத்தில் 5 என்றால் எஃகில் 3. சோக் என்பது ரவை சிதறாமல் இருக்கக் குழல் வாயில் வைக்கும் இறுக்கம். அதில் முழு இறுக்கம் வேண்டாம், இம்ப்ரூவ்ட் சிலிண்டர் என்ற தளர்ந்த ரகத்தைப் போட்டுக்கொள். நாற்பது கெஜத்தில் முப்பது அங்குல வட்டத்துக்குள் பாதி ரவை விழும், அது போதும்.

மிச்சமாகும் பணத்தில் தோட்டா வாங்கு. பெட்டிக்கு 25, பத்துப் பெட்டி. பறக்கும் தட்டை விட்டுச் சுடும் மைதானத்துக்குப் போய் அவ்வளவையும் காலி செய்த பிறகு காட்டுக்குப் போ. அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை. கையை நீட்டிக் கட்டைவிரலால் தூரத்து மரம் ஒன்றை மறை, இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். இடக்கண்ணை மூடு. மரம் விரலுக்குப் பின்னாலேயே நின்றால் உனக்கு வலக்கண் ஆளும் கண், விலகினால் இடக்கண். கை இடது, கண் வலது என்று வந்தால் எனக்கு எழுது, அதற்கு வேறு வழி இருக்கிறது.

சேவலைத்தான் சுடலாம், பெட்டையைத் தொடக்கூடாது என்பது உங்கள் மாநிலச் சட்டம். சேவலுக்கு வால் நீளம். பறக்கும்போது கண் அந்த வாலைத்தான் பிடிக்கும், புதுசு எல்லாரும் வாலுக்குப் பின்னால் சுட்டுவிட்டு நிற்பார்கள். கழுத்தில் வெள்ளை வளையம் இருக்கும், அதைப் பார்.

தாழப் பறப்பதைச் சுடாதே. உங்கள் பக்கம் சோளக்காட்டின் ஒரு முனையிலிருந்து வரிசையாக நடப்பார்கள், மறுமுனையில் ஆள் நிற்கும். நடுவில் நாய் துள்ளும். பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால்தான் விசையில் விரல். உன் தாத்தா ஒரே ஒரு முறை இதை மறந்தார். உண்ணிச்செடிப் புதருக்கு மேலே இடுப்பு உயரத்தில் எழுந்த கோழியைச் சுட்டார். கோழி போய்விட்டது, புதருக்குப் பின்னால் மேய்ந்த கன்றுக்குட்டியின் தொடையில் ஏழு ரவை. கன்று பிழைத்துக்கொண்டது. எண்பது ரூபாய் கொடுத்துச் சமாதானம் ஆயிற்று. ஆனால் சாகும்வரை அவருக்குக் "கன்னுக்குட்டி வேட்டைக்காரர்" என்றுதான் பெயர். சந்தைக்குப் போனால் "என்ன மாமா, இன்னைக்கு என்ன அடிச்சீங்க, எருமையா?" என்பார்கள். ஆரஞ்சு நிறத்தில் தொப்பியும் மேல்சட்டையும் மாட்டிக்கொள், அழகு பார்க்காதே.

சுட்டு முடிந்ததும் துடைத்து எண்ணெய் போடு. கடையில் விற்கும் துப்பாக்கி எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு. அம்மா அனுப்பிய தேங்காய் எண்ணெயைத் தொடாதே. தாத்தா ஒரு மார்கழியில் அதைப் போட்டுவிட்டு, விடிகாலையில் துப்பாக்கியைத் திறக்க முடியாமல் அடுப்பங்கரையில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த மலைக் குளிருக்கே உறைந்துபோனது, சூ ஃபால்ஸில் கல்லாகிவிடும். வீட்டில் பூட்டி வை, தோட்டா வேறு அலமாரியில்.

அம்மா கேட்கச் சொன்னாள், அந்தக் கோழியை என்ன செய்வாய் என்று. கொழுப்பு இல்லாத கறி, வறுத்தால் விறகாகும், மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பாக வை என்கிறாள். போன தை மாதம் பறித்த மிளகு இரண்டு கிலோ இருக்கிறது, அடுத்த மாதம் வரும் உன் சிநேகிதியிடம் கொடுத்துவிடுகிறோம். மென்று சாப்பிடு, எஃகு ரவை பல்லை உடைக்கும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் கடையில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வை. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு. கன்னம் கட்டையில் படிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அதுவரை வாங்காதே. இங்கே ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா