வாசகர் வட்ட ஆண்டறிக்கை: பாவெலும் மால்டா வீரத்துறவியரும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் வட்டம் எடுத்துக்கொண்ட பொருள், ரஷ்யாவின் பட்டத்து இளவரசராக நெடுங்காலம் காத்திருந்து அரியணை ஏறிய முதலாம் பாவெலும் அவர் மனத்தைக் கவர்ந்த மால்டா சபையும். மத்தியதரைக் கடலின் மால்டா தீவை ஆண்ட, மணம் செய்யாத கத்தோலிக்கத் துறவி வீரர்களின் சபை அது.

விவாதம் சூடு பிடித்தது, சிறுவன் பாவெலின் ஆசிரியர் செம்யோன் பொரோஷினின் நாட்குறிப்பைப் படித்த கூட்டத்தில்தான். வெர்தோ என்பவர் எழுதிய மால்டா சபை வரலாற்றைப் பொரோஷின் 1765இல் வாசித்துக் காட்ட, பத்து வயதுப் பாவெல் தன் பட்டிகையில் கடற்படைத் தளபதியின் கொடியைக் கட்டிக்கொண்டு மால்டா வீரனாக விளையாடியிருக்கிறான். ஏழு வயதில் தந்தையைக் கொலைக்குப் பறிகொடுத்த பிள்ளை அவன். தாய் பேரரசி கேத்தரின் சாகும்வரை ஆட்சி அவன் கைக்கு வரவில்லை. அப்போது வயது 42. சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட வீரர்களின் சபை அப்படிப்பட்டவனை ஈர்த்ததில் வியப்பில்லை. பாவெலைக் கிறுக்கர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

பிந்தைய நிகழ்வுகளை இரண்டு கூட்டங்களில் முடித்தோம். 1797 ஜனவரியில் சபையுடன் ஒப்பந்தம். 1798 ஜூனில் நெப்போலியன் மால்டாவைப் பிடித்தார். அதே ஆண்டு பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த வீரர்கள் பாவெலையே பெருந்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அவரோ கத்தோலிக்கர் அல்லாத ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர், மணமானவர். போப் ஆறாம் பயஸ் ஏற்கவில்லை. ஆனாலும் 1799இல் மால்டாச் சிலுவை ரஷ்ய அரசு முத்திரையில் ஏறியது. 1801 மார்ச்சில் மிகைலோவ்ஸ்கி கோட்டையில் பாவெல் கொல்லப்பட, மகன் அலெக்சாண்டர் அதே ஆண்டில் அந்தச் சிலுவையை அகற்றினார்.

பீட்டர்ஸ்பர்க்கை அடுத்த கட்சினாவில் சபைக்காகக் கட்டடக் கலைஞர் நிக்கொலாய் லிவோவ் எழுப்பிய பிரியரி (துறவியர் இல்லம்) மாளிகையின் படங்களை உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்கள். ஈர மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்து இறுக்கிய சுவர்கள் அவை. அந்தக் குளிரிலும் ஈரத்திலும் ஏரிக்கரையில் இன்றும் நிற்கின்றன!

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மால்டாவை நெப்போலியனிடம் சண்டையின்றி ஒப்படைத்தவர் என்று பழிக்கப்படும், பாவெலுக்கு முந்தைய பெருந்தலைவர் ஹோம்பெஷின் தரப்பையும் கேட்க வேண்டும் என்று பலர் விரும்புவதால், வரும் ஆண்டின் முதல் கூட்டத்தை அதற்கே ஒதுக்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்